வீட்டுக்குள் பெயிண்ட்: நாமே அடிக்கலாமா, பெயிண்டரைக் கூப்பிடலாமா? முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டு ஹாலில் பீரோவை நகர்த்திய அன்றுதான் அந்தச் சுவரின் பூர்வீகம் தெரிந்தது. கரண்டிக் காம்பால் லேசாகச் சுரண்டினேன். மேலே கிரீம் கலர் எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் பிளாஸ்டிக் பெயிண்ட்), அதன் கீழே வெளிர்பச்சை டிஸ்டெம்பர் (மலிவான, கழுவ முடியாத பெயிண்ட்), அதற்கும் கீழே சுண்ணாம்பு. நாங்கள் வாங்கும்போதே 25 வருஷம் ஆகியிருந்த வீடு. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் பழையதைச் சுரண்டாமல் அதன் தலையிலேயே அடித்துவிட்டுப் போயிருக்கிறார். நாங்கள் குடிவந்த வருஷம் ஆள் வைத்து அடித்ததும் அதே ரகம்தான். மூன்றே மாதத்தில் அப்பளம் போல உப்பி, பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அடுத்த முறை கோபத்தில் நானே பிரஷ்ஷை எடுத்தேன். அது அதைவிட மோசம்.

மூன்றாவது முறை பாதி வேலையைப் பெயிண்டரிடம் கொடுத்தேன், பாதியை நானே செய்தேன். அதுதான் இன்றுவரை நிற்கிறது. அந்த மூன்று முறையில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பெயிண்ட் வேலையில் பெயிண்ட் அடிப்பது கடைசிக் கால்வாசி. மீதி முக்கால்வாசி சுரண்டுவது, கழுவுவது, பட்டி பார்ப்பது (வெள்ளை மாவுக் குழைவைப் பூசி ஓட்டை, மேடு பள்ளத்தைச் சமமாக்குவது), உப்புத்தாள் தேய்ப்பது. ஆகவே ‘நாமா, பெயிண்டரா’ என்று வீடு முழுவதற்கும் ஒரே பதில் தேட வேண்டாம். சுவர் சுவராகப் பிரித்துப் பாருங்கள், பதில் தானாக வரும்.

முதலில் சுவரைப் பாருங்கள்

ஷேடு கார்டைப் புரட்டுவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை இதற்கு ஒதுக்குங்கள். ஒரு துண்டு செல்லோடேப், ஒரு ஈரத்துணி, ஒரு பாலித்தீன் தாள், ஒரு பென்சில் போதும்.

உள்ளங்கையால் சுவரை அழுத்தித் தேயுங்கள். கையில் மாவு மாதிரி வெள்ளை ஒட்டினால் அது சுண்ணாம்போ பழைய டிஸ்டெம்பரோதான். ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தால் டிஸ்டெம்பர் கரைந்து துணியில் கலர் ஏறும், எமல்ஷன் ஏறாது. இந்த மாவின் மேல் எவ்வளவு விலை உயர்ந்த பெயிண்டை அடித்தாலும் அது சுவரைப் பிடிக்காது, மாவைத்தான் பிடிக்கும். மாவு உதிரும்போது பெயிண்டும் கூடவே வரும். எங்கள் ஹாலில் நடந்தது இதுதான்.

அப்புறம் செல்லோடேப். பழைய பெயிண்டின் மேல் ஒட்டி, விரலால் நன்றாகத் தேய்த்துவிட்டு, வெடுக்கென்று இழுங்கள். டேப்போடு பெயிண்ட் வந்தால் அந்தச் சுவரைச் சுரண்டியே ஆக வேண்டும். வரவில்லை என்றால் பழைய பெயிண்ட் உறுதியாக இருக்கிறது. லேசாக உப்புத்தாள் போட்டுவிட்டு அதன் மேலேயே அடிக்கலாம், வேலை பாதியாகக் குறைந்துவிடும்.

கடைசியாக ஓதம். சந்தேகம் உள்ள இடத்தில் ஓர் அடிக்கு ஓர் அடி பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் உட்புறம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம், முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தால் சுவருக்குள் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். பாத்ரூமுக்குப் பின்பக்கச் சுவர், மொட்டைமாடிக்குக் கீழே உள்ள சீலிங், ஜன்னல் சன்ஷேடு சேரும் இடம், தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம் வரை உள்ள பகுதி, இந்த நாலும்தான் வழக்கமாக மாட்டும். சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தாலும் அதே கதைதான். உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அது கரைந்து திரும்ப உள்ளேயே போய்விடும்.

எங்கள் படுக்கையறையில் அப்படி ஒரு சுவர் இருந்தது. கடைசியாக வந்த பெயிண்டர் அண்ணன் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, இந்தச் சுவத்தை இப்ப தொடாதீங்க. பாத்ரூம் தண்ணி நின்னாதான் இதுல பெயிண்ட் நிக்கும்” என்றார். பிளம்பரைக் கூப்பிட்டுப் பார்த்தால், ஷவருக்குக் கீழே டைல்ஸ் இடுக்கில் சிமெண்ட் போயிருந்தது. அதை அடைத்து, இரண்டு மாதம் காயவிட்டு, அப்புறம்தான் அடித்தோம். ஓதத்தைப் பெயிண்டால் மறைக்க முடியாது. ‘டேம்ப் ப்ரூஃப்’ என்று டப்பாவில் எழுதியிருந்தாலும், தண்ணீர் வரும் வழியை அடைக்காதவரை அதுவும் ஒருநாள் கொப்பளிக்கும்.

பார்த்ததையெல்லாம் பென்சிலால் சுவரிலேயே குறித்து வையுங்கள். விரிசலுக்கு ஒரு கோடு, உப்பிய இடத்துக்கு ஒரு வட்டம். எப்படியும் பெயிண்ட் அடிக்கப் போகிறோம்.

எதை நாம் எடுத்துக்கொள்வது, எதைக் கொடுப்பது

பழைய எமல்ஷன் உறுதியாக இருக்கும் படுக்கையறைச் சுவர்கள், பத்தடி உயரத்துக்குள், அங்கங்கே ஆணி ஓட்டை மட்டும் இருக்கிறதா? தாராளமாக நாமே அடிக்கலாம். இரண்டு பேர் இருந்தால் ஒரு சனி, ஞாயிறும் கூட இரண்டு நாள் லீவும் போதும். பிள்ளைகள் கிறுக்கிய ஒரே ஒரு சுவர், பூஜை அறை, வாடகை வீட்டைக் காலி செய்யும்போது அடித்துக் கொடுக்க வேண்டிய ஓர் அறை, இதெல்லாம் இந்தக் கணக்கில் வரும்.

சுவர் முழுக்கப் பட்டி பார்க்க வேண்டும் என்றால் கொடுத்துவிடுங்கள். பட்டி பிளேடைச் சாய்க்கும் கோணம் கையில் பழக வருஷக்கணக்காகும். நான் பூசிய பட்டியில் பிளேடு போன தடம் ஒவ்வொன்றும் வயல் வரப்பு மாதிரி தெரிந்தது. அதைத் தேய்த்துச் சமமாக்க மூன்று நாள், வீடு முழுக்க மாவுப் புகை, அம்மாவுக்கு இருமல். சீலிங்கும் அப்படியே. அண்ணாந்துகொண்டே ரோலர் ஓட்டினால் பத்து நிமிஷத்தில் கழுத்து கழன்றுவிடும். மாடிப்படிச் சுவர்கள் சாரமோ நீள ஏணியோ இல்லாமல் நடக்காது, அதில் விஷப்பரீட்சை வேண்டாம். கதவு, ஜன்னலுக்கு எனாமல் (மரத்துக்கும் இரும்புக்குமான மினுமினுப்புப் பெயிண்ட்) அடிப்பதும் பழகிய கை வேலைதான். கொஞ்சம் கூடுதலாக அடித்தால் வடிந்து கோடு விழும், குறைந்தால் பிரஷ் தடம் தெரியும்.

நாங்கள் பிரித்தது இப்படி: ஹால், எல்லா சீலிங், கதவு ஜன்னல் பெயிண்டருக்கு. இரண்டு படுக்கையறைச் சுவர்களும் சமையலறையும் எனக்கும் மனைவிக்கும். சமையலறையை நாங்களே எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. அங்கே எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்த்துக் கழுவுவதுதான் முக்கால்வாசி வேலை. அதை நம் அளவுக்குப் பொறுமையாக யாரும் செய்ய மாட்டார்கள்.

அளவும் கணக்கும்

கொட்டேஷன் வரும்போது பலர் திடுக்கிடுவது சதுர அடியைப் பார்த்துத்தான். ‘850 சதுர அடி வீட்டுக்கு 2,900 சதுர அடி எப்படி வரும்?’ வரும். பெயிண்டில் தரையை அளப்பதில்லை, சுவரையும் சீலிங்கையும்தான் அளப்பார்கள்.

12 அடிக்கு 11 அடி அறை, உயரம் 10 அடி என்று வைத்துக்கொள்வோம். நாலு சுவரின் நீளத்தைக் கூட்டினால் 46 அடி. அதை உயரத்தால் பெருக்கினால் 460 சதுர அடி. கதவு 21, ஜன்னல் 20 கழித்தால் 419. சீலிங் 132. மொத்தம் 551. தரையைப் போல நாலு மடங்குக்கும் மேல். ஹால் பெரிதாக இருந்தால் விகிதம் குறையும். வீடு முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால் தரைப்பரப்பைப் போல மூன்று, மூன்றரை மடங்கு வருவது வழக்கம்.

இனி லிட்டர் கணக்கு. டப்பாவில் ஒரு லிட்டருக்கு 120, 140 சதுர அடி என்று போட்டிருப்பது பெரும்பாலும் ஒரு கோட்டுக்கு, அதாவது ஒரு முறை அடிப்பதற்கு, அதுவும் வழவழப்பான சுவருக்கு. நான் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 55 சதுர அடி என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். அந்த அறையின் சுவருக்கு 8 லிட்டர், சீலிங்குக்கு இரண்டரை லிட்டர். பிரைமர், அதாவது பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு, ஒரு கோட்டுக்கு லிட்டருக்கு 100 சதுர அடி என்றால் அறை முழுவதற்கும் 6 லிட்டர். எமல்ஷன் 1, 4, 10, 20 லிட்டர் அளவுகளில் வரும். இரண்டு 4 லிட்டரின் விலையையும் ஒரு 10 லிட்டரின் விலையையும் ஒப்பிட்டுக் கேளுங்கள், சில சமயம் பெரிய வித்தியாசம் இருக்காது. ஒன்று மட்டும் கவனம்: கலர் மிஷினில் கலந்து வாங்கியதைக் கடையில் திரும்ப எடுக்க மாட்டார்கள். பிரைமரையும் வெள்ளையையும் பிரிக்காமல் கொடுத்தால் சில கடைகளில் எடுத்துக்கொள்வார்கள், வாங்கும்போதே கேட்டு வையுங்கள்.

பெயிண்ட் கடையில்

அம்மா இன்னும் சொல்வார்கள், அந்தக் காலத்தில் பொங்கலுக்கு முன்னால் சுண்ணாம்பைத் தாளித்து, வச்சிரப் பசை காய்ச்சி ஊற்றி, ஒரு சிட்டிகை நீலம் போட்டு, தட்டிய மட்டையால் அடித்தால் வீடே பளிச்சென்று ஆகிவிடும் என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, சாய்ந்து உட்கார்ந்தால் முதுகில் வெள்ளை ஒட்டும் என்பதை மட்டும் அவர்கள் சொல்வதில்லை. இன்று கடையில் கேட்க வேண்டியது சுருக்கமாக இவ்வளவுதான்.

டிஸ்டெம்பர் மலிவு, கழுவ முடியாது. ஸ்டோர் ரூமுக்கும் சீலிங்குக்கும் போதும். எமல்ஷனில் சாதாரணம், பிரீமியம், லக்ஸுரி என்று மூன்று படி உண்டு. மேலே போகப்போகத் துடைத்துக் கழுவும் தன்மையும் வழவழப்பும் விலையும் கூடும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஹாலுக்கும் பிள்ளைகள் அறைக்கும் பிரீமியம், மற்ற அறைகளுக்கு சாதாரணம் என்று கலந்து வாங்கினால் காசு மிச்சம். மினுமினுப்பு கூடக்கூடச் சுவரின் மேடு பள்ளம் நன்றாகத் தெரியும் என்பதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். பழைய சுவருக்கு மினுமினுப்பில்லாத மேட் ரகமே நல்லது. கதவு ஜன்னலுக்கு எனாமல். தின்னர் நெடி ஆகாதவர்களுக்குத் தண்ணீரில் கரையும் எனாமலும் கிடைக்கிறது.

கலரைப் பற்றி ஒரே ஒரு விஷயம். ஷேடு கார்டில் தீப்பெட்டி அளவில் பார்த்த கலர் நாலு சுவரிலும் ஏறினால் ஒரு படி அடர்த்தியாகத் தெரியும். சின்ன டப்பா ஒன்று வாங்கி, ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் இரண்டடிக்கு இரண்டடி அடித்து, காலையிலும் பாருங்கள், ராத்திரி விளக்கு போட்டும் பாருங்கள். எங்களுக்குக் காலையில் சந்தனமாக இருந்தது, ராத்திரி மஞ்சள் விளக்கில் கடலைமாவு மாதிரி ஆகிவிட்டது.

நாமே அடிப்பதென்றால்

வாங்க வேண்டியவை: சுரண்டும் பிளேடு, 4 அங்குலமும் 6 அங்குலமுமாக இரண்டு பட்டி பிளேடு, 120, 180, 220 நம்பர் உப்புத்தாள், 9 அங்குல ரோலர், அதற்கான தட்டு, ஓரத்துக்கு 2 அங்குல பிரஷ், மாஸ்கிங் டேப், முகக்கவசம், ஒரு நல்ல ஏணி. பிரஷ்ஷில் கஞ்சத்தனம் வேண்டாம். மலிவான பிரஷ் சுவரெல்லாம் முடி உதிர்க்கும், ஈரப் பெயிண்டில் ஒட்டிய முடியை எடுப்பது தலையில் பேன் எடுப்பதைவிடச் சிரமம். ஏணிக்குப் பதிலாக மேஜை மேல் நாற்காலி போடுவது நம் ஊர் வழக்கம். தயவுசெய்து வேண்டாம்.

முதல் நாள் அறையைக் காலி செய்யுங்கள். கட்டில், பீரோவை நடுவில் தள்ளி பிளாஸ்டிக் தாளால் மூடலாம். தரைக்குப் பழைய போர்வையோ சாக்கோ நல்லது. செய்தித்தாளில் பெயிண்ட் விழுந்து, அதை மிதித்து நடந்தால் வீடெல்லாம் தடம் பதியும். மெயினை அணைத்துவிட்டு ஸ்விட்ச் தகடுகளின் திருகைத் தளர்த்துங்கள். ஆணிகளைப் பிடுங்குங்கள்.

பிறகு சுரண்டல். டேப்போடு வந்த இடங்களை, உறுதியான பெயிண்ட் எதிர்ப்படும்வரை சுரண்ட வேண்டும். உறுதியான இடத்தை விட்டுவிடலாம், ஆனால் இரண்டும் சேரும் விளிம்பை உப்புத்தாளால் சரிவாகத் தேயுங்கள். இல்லாவிட்டால் பெயிண்ட் அடித்த பிறகும் இலங்கை வரைபடம் மாதிரி விளிம்பு தெரியும். பூஞ்சை பிடித்த கருப்பு இடங்களை பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரால் கையுறை போட்டுத் துடைத்து, நல்ல தண்ணீரால் கழுவிக் காயவிடுங்கள். பிளீச்சிங்கோடு டாய்லெட் கழுவும் ஆசிட் எதையும் கலக்காதீர்கள், விஷவாயு வரும். சமையலறைப் பிசுக்குக்குப் பாத்திரம் விளக்கும் லிக்விடும் வெந்நீருமே போதும்.

பழைய வீட்டில் எனாமல் அடித்த கதவு, ஜன்னல், கிரில்லைத் தேய்க்கும்போது கூடுதல் எச்சரிக்கை தேவை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமலில் ஈயம் கூடுதலாக இருக்கலாம், அந்தத் தூள் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கெடுதல். காய்ந்த தேய்ப்பு வேண்டாம். ஈரத்தில் தேய்ப்பதற்கான உப்புத்தாளான வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள், குழந்தைகளை அன்று பாட்டி வீட்டுக்கு அனுப்புங்கள், தூளைப் பெருக்காமல் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள்.

இரண்டாம் நாள் பட்டி. நான் முதல் முறை தோற்றது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கடையில் பட்டி இரண்டு வகை. பவுடராக மூட்டையில் வருவது வெள்ளை சிமெண்ட் கலந்தது. டப்பாவில் குழைவாக வருவது அக்ரிலிக். சிமெண்ட் பட்டி வெறும் பூச்சுச் சுவரைப் பிடிக்கும், அதுவும் சுவரைத் தண்ணீர் தெளித்து நனைத்த பிறகு. பழைய பெயிண்டின் மேல் அப்பினால் அது சரியாகப் பிடிக்காது, கொஞ்ச நாளில் தகடாகக் கழன்று வரும். பெயிண்ட் இருக்கும் சுவரில் ஓட்டை, கீறலை அடைக்க, பிரைமரைத் தொட்டுவிட்டு அக்ரிலிக் பட்டி வைப்பதுதான் சரி. நான் மூட்டைப் பட்டி மலிவு என்று வாங்கி எமல்ஷன் மேலேயே பூசினேன். விளைவை ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

முடி போன்ற மெல்லிய விரிசலை அப்படியே மூடாதீர்கள். பிளேடு முனையால் கொஞ்சம் அகலமாக்கி, தூசி தட்டி, பிறகு பட்டியை உள்ளே அழுத்த வேண்டும். ஐந்து ரூபாய் நாணயத்தின் விளிம்பு நுழையும் அளவு விரிசல், அதுவும் தூணும் சுவரும் சேரும் இடத்தில் என்றால், கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். பவுடர் பட்டி கலக்குவதானால் ஒரு கிலோவுக்கு 360 முதல் 400 மில்லி தண்ணீர். இட்லி மாவைவிடக் கொஞ்சம் கெட்டியான பதம். இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், இறுகியதில் தண்ணீர் ஊற்றி மறுபடி கலக்கினால் அதற்குப் பலம் இருக்காது. கனமாக ஒரே தடவையில் அப்புவதைவிட மெல்லிசாக இரண்டு தடவை நல்லது.

காய்ந்ததும் 180, பிறகு 220 உப்புத்தாள். ஒரு மரக்கட்டையில் சுற்றித் தேய்த்தால் சமமாக வரும். தேய்த்து முடித்ததும் விளக்கை அணைத்துவிட்டு, போன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். பகலில் கண்ணாடி போலத் தெரிந்த சுவரில் மேடெல்லாம் நிழல் விழும். நிழல் விழுந்த இடத்தைப் பென்சிலால் வட்டம் போட்டு, மறுபடி தேயுங்கள். பிறகு ஈரத்துணியால் தூசியைத் துடையுங்கள். துடைக்காமல் அடித்த பிரைமர் தூசி மேல்தான் நிற்கும்.

மூன்றாம் நாள் பிரைமர், ஒரு கோட். ராத்திரி முழுக்கக் காயட்டும். பழைய எமல்ஷன் உறுதியாக இருந்து கலரும் அதே கலர்தான் என்றால், பட்டி வைத்த இடங்களுக்கு மட்டும் பிரைமர் போதும். அடர்ந்த கலரிலிருந்து வெளிர் கலருக்கு மாறினால் முழுச்சுவருக்கும் வேண்டும்.

நாலாம் நாள்தான் பெயிண்ட். சீலிங் இருந்தால் அது முதலில், சுவர் அப்புறம். பல டப்பா ஒரே கலர் என்றால் எல்லாவற்றையும் ஒரே பக்கெட்டில் ஊற்றிக் கலந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் டப்பாவுக்கு டப்பா மயிரிழை வித்தியாசம் சுவர் நடுவில் தெரியும். தண்ணீர் எவ்வளவு கலப்பது என்பது டப்பாவிலேயே போட்டிருக்கும், கண்ணளவு வேண்டாம். முதலில் பிரஷ்ஷால் மூலை, சீலிங் ஓரம், ஸ்விட்ச் ஓரம் எல்லாம் கட்டிங் எடுங்கள். அது காய்வதற்குள் ரோலரால் சேர்த்துவிட வேண்டும். அதனால் நாலு சுவருக்கும் மொத்தமாகக் கட்டிங் எடுக்காமல் ஒவ்வொரு சுவராக முடியுங்கள். ரோலரைத் தோய்த்து, தட்டில் உருட்டி வடித்து, மூன்றடி அகலத்துக்குக் குறுக்குமறுக்காகப் பரப்பி, கடைசியில் மேலிருந்து கீழாக ஒரே பக்கமாக இழுத்து முடிக்க வேண்டும். அடிக்கும்போது ஃபேன் வேண்டாம், ஓரம் சீக்கிரம் காய்ந்து பட்டை பட்டையாகத் தெரியும். சுவர் நடுவில் டீ குடிக்கப் போகாதீர்கள், சுவரை முடித்துவிட்டுப் போங்கள்.

முதல் கோட் முடிந்ததும் மனசு விட்டுப்போகும். திட்டுத்திட்டாகப் பழைய கலர் தெரியும். எல்லோருக்கும் அப்படித்தான். நாலு மணி நேரம் கழித்து இரண்டாவது கோட் ஏறியதும் சுவர் உருமாறும். மாஸ்கிங் டேப்பைப் பெயிண்ட் முழுசாகக் காய்வதற்கு முன்பே, மெதுவாகச் சாய்த்து இழுத்து எடுத்துவிடுங்கள். நான் இரண்டு நாள் கழித்து எடுத்து, டேப்போடு ஒரு முழம் பெயிண்டையும் உரித்தேன்.

பெயிண்டரிடம் கொடுப்பதென்றால்

குறைந்தது மூன்று பேரை வீட்டுக்கு வரச்சொல்லிக் காட்டுங்கள். போட்டோ அனுப்பி வாங்கும் விலைக்கு மதிப்பில்லை. எங்களுக்கு வந்த மூன்று கொட்டேஷனும் மூன்று தினுசு. ஒருவர் பொருளோடு சதுர அடிக்கு 22 ரூபாய், 2,900 சதுர அடிக்கு 63,800 என்றார். இன்னொருவர் மொத்தமாக 45,000. மூன்றாவது ஆள், நான் மேலே சொன்ன அண்ணன், நாள் கூலி 1,100 ரூபாய், இரண்டு ஆள், 12 நாள், பொருள் நீங்கள் வாங்கிக் கொடுங்கள் என்றார். கூலி 26,400. பொருள் சுமார் 22,000. மொத்தம் 48,000 சொச்சம். இது எங்கள் வீட்டுக் கணக்கு, ஊருக்கு ஊர் மாறும். கவனிக்க வேண்டியது வேறு. 45,000 சொன்னவரிடம் துருவிக் கேட்டபோது அதில் பிரைமர் இல்லை, சீலிங்குக்கு டிஸ்டெம்பர், ஹால் சுவரைச் சுரண்டுவது தனிக் காசு. எல்லாம் சேர்த்தால் மூன்றிலும் அதுதான் கூடுதல்.

நாள் கூலியில் வேலை நிதானமாக நடக்கும், இழுக்கவும் செய்யும். நீங்கள் வீட்டில் இருந்து பார்க்க முடிந்தால் மட்டும் அது சரி. சதுர அடி கான்ட்ராக்டில் வேகம் உண்டு, அந்த வேகத்தில் முதலில் அடிபடுவது உப்புத்தாள்தான். பெயிண்ட் கம்பெனிகளே ஆள் அனுப்பும் சேவையும் இருக்கிறது. தூசியை உறிஞ்சும் மிஷினால் தேய்ப்பார்கள், பொருள்களை மூடித் தருவார்கள், விலை கூடுதல். குடியிருக்கும் வீட்டில், ஆஸ்துமாக்காரர் யாராவது இருந்தால், அந்தக் கூடுதல் காசுக்கு அர்த்தம் உண்டு.

யாராக இருந்தாலும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் போதும். எந்தெந்த அறை, எவ்வளவு சுரண்டல், பட்டி எத்தனை கை, பிரைமர் உண்டா, பெயிண்ட் எத்தனை கோட். கம்பெனிப் பெயர் மட்டும் போதாது. ஒரே கம்பெனியில் பல விலையில் எமல்ஷன் இருக்கிறது, டப்பாவில் உள்ள முழுப்பெயரையும் எழுத வேண்டும். கதவு ஜன்னல் இடத்தைக் கழித்து அளப்பார்களா, அப்படியே அளப்பார்களா என்பதை முன்கூட்டியே கேளுங்கள். கடைசி நாள் சண்டையில் பாதி இதில்தான் வரும். ஜிஎஸ்டி சேர்ந்ததா, தரையில் சிந்தியதை யார் துடைப்பது, பீரோவை யார் நகர்த்துவது, எல்லாவற்றையும் கேட்டு வையுங்கள்.

பணத்தை வேலைப் படிக்கு ஏற்பப் பிரித்துக் கொடுங்கள். பட்டி முடிந்ததும் ஒரு பங்கு, முதல் கோட் முடிந்ததும் ஒரு பங்கு. கடைசிப் பத்து சதவீதத்தை டச்சப் முடியும்வரை கையில் வையுங்கள். பொருளை நீங்களே வாங்கிக் கொடுத்தால் பெரிய அட்வான்ஸ் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. டப்பா மூடியை உங்கள் எதிரில் திறக்கச் சொல்லுங்கள். டப்பாவில் பெயிண்டருக்கென்று டோக்கனோ ஸ்கேன் செய்யும் கோடோ இருக்கலாம். அது கம்பெனி அவர்களுக்குக் கொடுப்பது. அதை எடுத்துக்கொண்டு மனஸ்தாபம் வளர்க்காதீர்கள். ஆனால் ‘இந்த பிராண்டுதான் நல்லது’ என்று ஒருவர் பிடிவாதம் பிடிக்கும்போது அதற்குப் பின்னால் டோக்கனும் இருக்கலாம் என்பது நினைவில் இருக்கட்டும்.

வேலை நடக்கும்போது தினமும் பக்கத்தில் நின்று நச்சரிக்க வேண்டாம். மூன்று வேளை மட்டும் போய்ப் பாருங்கள்: சுரண்டி முடித்ததும், உப்புத்தாள் போட்டு முடித்ததும், பிரைமர் காய்ந்ததும். இந்த மூன்றும் பெயிண்டுக்கு அடியில் மறைந்துவிடும், அப்புறம் பார்க்க முடியாது. உப்புத்தாள் நாளில் டார்ச் வித்தையைச் செய்யுங்கள். நான் டார்ச்சை எடுத்ததும் அண்ணன் சிரித்தார். “அடிங்க தம்பி, நானே ராத்திரி டியூப்லைட் போட்டுத்தான் பார்ப்பேன்” என்றார். ஹாலில் ஏழு இடத்தில் வட்டம் போட்டேன். முகம் சுளிக்காமல் ஏழையும் மறுபடி தேய்த்தார். பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும் டீ தவறாமல் கொடுத்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எப்போது செய்வது

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தின மாதங்களில் நல்ல பெயிண்டர் கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைத்தாலும் மூன்று வீட்டை ஒரே சமயத்தில் ஒப்புக்கொண்டு ஓடிக்கொண்டிருப்பார். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை வேறு. சுவரும் காயாது, பட்டியும் காயாது. பொங்கல் முடிந்து பிப்ரவரியிலிருந்து மே வரை நல்ல காலம். ஆளும் கிடைப்பார், கூலியில் பேசவும் இடமிருக்கும். புதுப்பூச்சு போட்ட சுவர் என்றால் குறைந்தது 28 நாள் ஆறவிட்டு அடியுங்கள். கிரகப்பிரவேசத் தேதி நெருங்கிவிட்டால் அப்போதைக்கு வெறும் பிரைமரோடு விழாவை முடித்துவிட்டு, இரண்டு மாதம் கழித்துப் பெயிண்ட் அடிப்பதில் ஒரு கௌரவக்குறைச்சலும் இல்லை.

வேலை முடிந்த அன்றே பிரஷ், ரோலரைத் தண்ணீரில் அலசிவிடுங்கள், மறுநாள் அவை கட்டைதான். மீந்த பெயிண்டைச் சின்ன டப்பாவுக்கு மாற்றி, இறுக மூடி, நிழலில் வையுங்கள். டப்பாவின் மேல் அறை, பெயிண்டின் முழுப்பெயர், ஷேடு நம்பர், தேதி, கடைப் பெயர். டப்பா துருப்பிடித்து எழுத்து போய்விடும் என்று அதையே லாஃப்ட் கதவின் உட்பக்கமும் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன். அடித்து ஆறு வாரத்தில் என் பெண் ஹால் சுவரில் கிரேயானால் ஒரு யானை வரைந்தாள். ஈரத்துணியில் தும்பிக்கை மட்டும் போனது, உடம்புக்கு அந்த டப்பாவைத்தான் திறக்க வேண்டியிருந்தது.